இலை பழுக்கும் காலம்

கனடாவில் வாழும் என் தம்பி சென்ற ஆண்டு புரட்டாதி நடுவில் என்னை மோட்டார் வண்டியில் ஏற்றிக்கொண்டு ரொறன்ரோவுக்கு வடக்கே புறப்பட்டான். மூன்று மணி நேரத்துக்கு மேற்பட்ட ஓட்டம். அல்கொங்குவின் என்னும் பெருவனத்தை ஊடறுத்துச் செல்கின்றது 60 ஆம் இலக்கப் பெருந்தெரு. வனத்துள் மாத்திரம் 56 கிலோமீற்றர். இருமருங்கும் மேப்பிள் மரங்கள் செம்மையும் பொன்மையுமாய் நின்றன. பூப்பார்க்கப் போவாருண்டு. உதிரப்போகும் இலையைப் பார்க்க இத்தனை பேர் வண்டி கட்டி வருவதை அங்கேதான் கண்டேன்.

இப்பருவத்துக்குத் தமிழில் என்ன பெயர்? முப்பது ஆண்டாக 'இலையுதிர் காலம்' என்று படிப்பித்தவன் நான். கூதிர் என்றால் என்ன என்று எண்ணினேன். (பண்டிதன் புத்தி எங்கே போனாலும் பண்டிதப் புத்திதான்.) கூதிர் ஐப்பசியும் கார்த்திகையும், எங்களுக்கு அது மழையும் வாடையும், மரங்கள் பச்சைப்பசேலென்று நிற்பதும். பொருந்தவில்லை.

பின்னாசனத்திலிருந்த ஏழு வயதுப் பெறாமகள், "பெரியப்பா, இலையெல்லாம் பழுத்துப்போச்சு!" என்றாள். தம்பி சிரித்தான். "பழந்தான் பிள்ளை பழுக்கும், இலை நிறம் மாறும்" என்று திருத்தினான்.

திருத்தியவன் பிழை, பிள்ளை சரி. வெற்றிலைத் தட்டத்தோடு வீட்டிலிருக்கும் அப்பம்மாவிடம் அவள் பெற்ற சொல் அது. வெற்றிலை பழுக்கும், பலாவிலை பழுக்கும். பழுத்த இலைக்குப் பழுப்பு என்று பெயர். அப்பெயரை இன்று அழுக்கேறிய வேட்டியின் நிறத்துக்குக் கொடுத்துவிட்டோம்.

இயற்கைநூலாரும் பிள்ளையின் பக்கமே. பகல் குறுகக் குறுக, மரம் இலையின் பச்சையத்தைக் கலைத்துச் சத்தைக் கிளைக்கும் வேருக்கும் மீட்டுக்கொள்கின்றது. மஞ்சள் முன்னரே இலையில் மறைந்திருந்தது. பச்சை விலக வெளிப்படுகின்றது. சிவப்பு அவ்வாறன்று. வெயிற்பகலும் குளிரிரவும் கூடும்போது, இலையில் தங்கிய சர்க்கரையைக் கொண்டு புதிதாக உண்டாவது. இனிப்பினாற் சிவப்பதைப் பழுத்தல் என்னாமல் வேறென்ன சொல்வது?

உதிர்வது பின்னால் நிகழ்வது. 'இலையுதிர் காலம்' அதனை மட்டுமே சொல்கின்றது. பாடநூல் எழுதுவோர் இதனை ஆலோசிக்கவேண்டும். பிள்ளையிடம் உள்ள சொல்லைப் பறித்துப் புத்தகச் சொல்லைக் கொடுப்பது எங்கள் தொழிலாய்விட்டது. அப்பம்மா இல்லாத வீட்டில் 'நிறம் மாறும்' என்பதே தமிழாய் நின்றுவிடும்.

திரும்பும் வழியில் ஊசியிலை மரங்கள் மாத்திரம் பச்சையாய் நிற்கக் கண்டோம். அவற்றைக் காட்டி, "இவை ஏன் இப்படி?" என்று அவளைக் கேட்டேன்.

"அது இன்னும் காய், பெரியப்பா" என்றாள்.