சிதைந்த ஒலிப்பதிவும் சாட்சியின் உண்மையும்

தியானப் பகுதி: எரேமியா 36, யோவான் 6:1-13



முற்காலத்தில் நம் வீடுகளில் குடும்ப வேதாகமத்தின் முதல் பக்கங்களில் பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம், மரணம் ஆகியவற்றை மையால் எழுதிவைத்தார்கள். இன்று அந்தப் பக்கங்களின் இடத்தைக் கைபேசி எடுத்துக்கொண்டிருக்கிறது. மூத்தவர்களின் சாட்சி, தாய் தகப்பன்மாரின் ஜெபம், மணமக்களுக்குப் பாட்டி கூறும் வாழ்த்து ஆகிய அனைத்தையும் அதிலே பதிவுசெய்கிறோம். இது நல்ல வழக்கமே. ஆயினும் பழைய தாள் மஞ்சள் நிறமானாலும் எழுத்து தெரியும். கைபேசிக் கோப்போ ஒரே நாளில் திறக்க மறுத்துவிடும். அவ்வாறு சிதைந்துபோன பதிவை மீட்பது எப்படி, மீளாத பகுதியை என்ன செய்வது என்னும் இரண்டு கேள்விகளை இவ்வாரம் சிந்திப்போம். முதலாவது கேள்வி கைத்திறனைச் சார்ந்தது. இரண்டாவது கேள்வி மனசாட்சியைச் சார்ந்தது.

இக்கேள்விகளை எழுப்பியது நம் சபைக் குடும்பம் ஒன்று. அவர்களுடைய சம்மதத்துடன், பெயர்களைத் தவிர்த்து எழுதுகிறேன். எண்பது வயதைக் கடந்த தாயார் ஒருவர், பலவீனமான நாட்களில் தம் பேரப்பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி ஆசீர்வதித்து ஜெபித்தார்கள். மூத்த பேரன் அதைக் கைபேசியில் பதிவுசெய்தார். ஜெபம் முடியும் முன்னே சார்ஜ் தீர்ந்து கைபேசி அணைந்துவிட்டது. இரண்டு வாரங்களில் அந்த அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். அடக்க ஆராதனைக்குப் பின் பதிவைத் திறந்தபோது, கோப்பை இயக்க இயலாது என்ற அறிவிப்பே வந்தது. வீட்டார் இரண்டாம் முறை துக்கப்பட்டார்கள்.

குரல் உண்மையில் அழிந்துபோயிற்றா? இல்லை. இதைப் புரிந்துகொள்ள, கைபேசி எவ்வாறு பதிவுசெய்கிறது என்பதைச் சற்று அறிய வேண்டும்.

பெரும்பாலான ஒலிப்பதிவுச் செயலிகள் எம்4ஏ என்னும் வகைக் கோப்பை உருவாக்குகின்றன. அதற்குள் சில பகுதிகள் பெட்டிகளைப் போல அடுக்கப்பட்டிருக்கும். ஒரு பெட்டியில் குரல் இருக்கிறது. வேறொரு பெட்டியில் அக்குரலுக்குரிய அட்டவணை இருக்கிறது. குரலானது மிகச் சிறிய துண்டுகளாகப் பிரிக்கப்பட்டுச் சுருக்கப்படுகிறது. நொடிக்கு 44,100 மாதிரிகள் என்னும் வழக்கமான அளவில், 1,024 மாதிரிகள் கொண்ட ஒரு துண்டு ஏறத்தாழ 23 மில்லிநொடி நீளமே உடையது. ஒரு நிமிடப் பேச்சில் இத்தகைய துண்டுகள் 2,500-க்கும் மேல் இருக்கும். எந்தத் துண்டு எங்கே தொடங்குகிறது, அதன் நீளம் என்ன என்பதை அட்டவணையே அறிவிக்கும். பல செயலிகள் இந்த அட்டவணையை, நாம் பதிவை நிறுத்தும்போதுதான் எழுதி முடிக்கின்றன. அதற்குமுன் கைபேசி அணைந்தாலோ, சேமிப்பிடம் நிரம்பினாலோ, செயலி பாதியில் நின்றாலோ, குரல் உள்ளே இருக்கும், அட்டவணை இராது.

பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளைக் கண்டவர்கள் இதை எளிதில் விளங்கிக்கொள்வார்கள். அவற்றில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே வெளி விடாமல் எழுத்துகள் தொடர்ந்து செல்லும். அம்மொழியை அறியாதவனுக்கு அது வெறும் எழுத்து வரிசை. அறிந்தவனோ, சொல் எங்கே முடிகிறது என்று கண்டு வாசித்துவிடுவான்.

மீட்கும் வழியும் அதைப் போன்றதே. முதலாவது, கோப்பின் அளவைப் பாருங்கள். நொடிக்கு 128 கிலோபிட் என்னும் தரத்தில் ஒரு நிமிடப் பதிவு ஏறக்குறைய ஒரு மெகாபைட் இடம் கொள்ளும். நான் குறிப்பிட்ட பதிவு ஏறத்தாழ 22 நிமிடம். கோப்பு 21 மெகாபைட் இருந்தது. ஆகவே உள்ளே குரல் இருப்பதாக நம்ப இடமிருந்தது. அளவு பூஜ்யம் என்று காட்டினால் நம்பிக்கை மிகக் குறைவு. இரண்டாவது, அந்தக் கைபேசியில் மேலும் எதையும் பதிவுசெய்யாதீர்கள். கோப்பு கணக்கில் ஏறாமல் விடுபட்டிருந்தால், புதிய பதிவு அதன் இடத்தின்மேல் எழுதப்பட்டுவிடக்கூடும். மூன்றாவது, சிதைந்த கோப்பைக் கணினியில் நகல் எடுத்து, நகலின்மேல் மட்டுமே முயற்சி செய்யுங்கள். மூலத்தைத் தொடாதீர்கள். கோப்பின் பெயரிலுள்ள எம்4ஏ என்னும் பின்னொட்டை எம்பி3 என்று மாற்றுவதால் உள்ளிருப்பது மாறிவிடாது. நான்காவது, அதே கைபேசியில், அதே செயலியில், அதே அமைப்புகளுடன் எடுத்த பழுதில்லாத பதிவு ஒன்றைத் தேடுங்கள். அன்ட்ரங்க் என்னும் இலவச மென்பொருள், அந்த நல்ல கோப்பை மாதிரியாகக் கொண்டு, சிதைந்த கோப்பின் துண்டுகளைப் பிரித்தறிந்து புதிய அட்டவணையை எழுத முயலும். ஒருவருடைய கையெழுத்தை அறிந்தவன், அவர் எழுதிய மங்கிய கடிதத்தையும் வாசிப்பதைப் போல.

இங்கே போதகனாக ஓர் எச்சரிக்கை. கோப்பைப் பதிவேற்றினால் சரிசெய்து தருவோம் என்னும் இணையதளங்கள் பல உள்ளன. மரணப் படுக்கையில் ஒருவர் பேசியவற்றில் குடும்ப இரகசியங்கள் இருக்கலாம், பாவ அறிக்கை இருக்கலாம், பிள்ளைகளுக்கு மட்டும் சொன்ன வார்த்தைகள் இருக்கலாம். அவற்றை முன்பின் அறியாதவர் கையில் ஒப்படைக்காதீர்கள். சபையில் கணினித் துறையில் பணிபுரியும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள்.

அப்படிப்பட்ட ஒரு வாலிபர் இரண்டு மாலைகள் அமர்ந்து அந்த அம்மாவின் குரலை மீட்டுக்கொடுத்தார். ஓரிரு இடங்களில் இரைச்சல் உண்டு. மற்றபடி தெளிவாகக் கேட்கிறது. ஆனால் முடிவு இல்லை. கைபேசி அணையும் வேளையில், சேமிப்பில் எழுதப்படாமல் தற்காலிக நினைவகத்தில் இருந்த கடைசி நொடிகள் என்றென்றைக்குமாகப் போய்விட்டன. ஆறு பேரப்பிள்ளைகளில் ஐந்து பேருடைய பெயர்கள் பதிவில் உள்ளன. கடைசிப் பேத்தியின் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒலி அறுந்துவிடுகிறது. அப்பிள்ளைக்குப் பதினோரு வயது.

அப்போது மூத்த பேரன் ஒரு யோசனை சொன்னார். இன்றைய செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் ஒருவருடைய குரலைச் சிறிது கேட்டு, அதே குரலில் எதையும் பேசவைக்கின்றன. பாட்டியின் குரல் இருபது நிமிடத்துக்கு மேல் கையில் இருக்கிறது. தங்கையின் பெயரையும் ஓர் ஆசீர்வாத வாக்கியத்தையும் ஓர் ஆமெனையும் சேர்த்துவிட்டால் பிள்ளையின் மனம் ஆறும் என்றார். அன்பினால் எழுந்த யோசனை அது. அதைப் பழிக்க மாட்டேன். ஆயினும் அது கூடாது என்பதே என் திட்டமான கருத்து.

வேதாகமத்தை நமக்குக் கையளித்தவர்கள் இழப்பை எவ்வாறு கையாண்டார்கள் என்று பாருங்கள். 145-ஆம் சங்கீதம் எபிரெய அகரவரிசையில் அமைந்தது. எழுத்துகள் 22, ஆனால் வழிவழியாக வந்த எபிரெய மூலத்தில் வசனங்கள் 21 மட்டுமே. நூன் என்னும் எழுத்துக்குரிய வசனம், 13-ஆம் வசனத்துக்கும் 14-ஆம் வசனத்துக்கும் நடுவே காணப்படவில்லை. அகரவரிசையை மனப்பாடமாய் அறிந்த வேதபாரகருக்கு அந்த எழுத்தில் தொடங்கும் ஒரு பக்தி வாக்கியத்தை இயற்றுவது கடினமா? எனினும் அந்த எபிரெய மூலத்தைப் படியெடுத்தவர்கள் அவ்விடத்தை நிரப்பாமலே நூற்றாண்டுதோறும் கையளித்தார்கள். நூனுக்குரிய வசனம் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் இருந்தது. 1956-இல் சவக்கடல் அருகே கும்ரானின் 11-ஆம் குகையில் கிடைத்த சங்கீதச் சுருளில் எபிரெயத்திலேயே காணப்பட்டது. இன்றைய மொழிபெயர்ப்புகள் சில அதைச் சேர்த்திருப்பது இச்சாட்சிகளின் பலத்தினால்தான். 1 சாமுவேல் 13:1-இல் சவுலின் வயதைக் குறிக்கும் எண் எபிரெயத்தில் விடுபட்டிருப்பதாகவே அறிஞர் பலர் கருதுகிறார்கள். மொழிபெயர்ப்பாளர் சிலர் அவ்விடத்தில் புள்ளிகளை இட்டு, வெற்றிடத்தை வெற்றிடமாகவே காட்டுகிறார்கள். காலியான இடத்தை மதிப்பதும் சத்தியத்தை மதிப்பதே.

எரேமியா 36-ஆம் அதிகாரத்தில் வேறொரு வழி காணப்படுகிறது. யோயாக்கீம் ராஜா குளிர்கால மாளிகையில் அமர்ந்து, வாசிக்கப்பட்ட சுருளைக் கத்தியால் அறுத்து அறுத்து நெருப்பில் போட்டான். சுருள் முழுவதும் வெந்துபோயிற்று. பாருக்கு மறுபடியும் எழுதினான்; ஆனால் தன் ஊகத்தினால் எழுதவில்லை. எரேமியா உயிரோடிருந்து மீண்டும் சொல்லச் சொல்ல எழுதினான். பேசியவர் இருக்கும்வரை அவரிடமே திரும்பக் கேட்கலாம். அவர் கடந்துபோன பின் அவர் வாயில் வார்த்தையை வைக்க நமக்கு அதிகாரமில்லை.

சிலர் கேட்கலாம்: பதிவிலுள்ள இரைச்சலை மென்பொருளால் நீக்குகிறோமே, அதுவும் மாற்றம்தானே? வேறுபாடு தெளிவானது. தூசியைத் துடைப்பது சொல்லப்பட்டதைக் கேட்க உதவுகிறது. புதிய வாக்கியத்தைச் சேர்ப்பதோ சொல்லப்படாததைக் கேட்கவைக்கிறது. வீட்டுக்குள் ஆறுதலுக்காகத்தானே என்றும் கேட்கலாம். இருபது ஆண்டுகள் கழித்து அந்தப் பதிவு யார் கையில் இருக்கும்? எது பாட்டி பேசியது, எது இயந்திரம் பேசியது என்று அன்று யார் சொல்வார்? ஒரு வாக்கியம் செயற்கை என்று தெரிந்த நாளில், உண்மையான 22 நிமிடங்களின்மேலும் சந்தேகம் விழும். கடைசிப் பேத்திக்காகச் செய்தது மற்ற ஐந்து பேருடைய ஆசீர்வாதத்தையும் மங்கச் செய்யும். அந்தப் பிள்ளையும் வளர்ந்தபின், தனக்கு மட்டும் கிடைத்தது இயந்திரத்தின் குரல் என்று அறிவாளே!

அப்படியானால் அந்தப் பிள்ளைக்கு என்ன வழி? அன்று அந்த அறையில் தாயாரின் இரண்டு மகள்களும் இருந்தார்கள். அவர்களைத் தனித்தனியே கேட்டோம். அம்மா கடைசிப் பேத்தியின் பெயரைச் சொன்னதையும், அவளுக்காகச் சற்று அதிக நேரம் ஜெபித்ததையும் இருவரும் ஒன்றுபோலச் சொன்னார்கள். இரண்டு சாட்சிகளின் வாக்கினால் காரியம் நிலைபெறும் என்பது உபாகமம் 19-ஆம் அதிகாரத்தின் பிரமாணம். அவர்கள் கேட்டதை ஒரு தாளில் எழுதி, தேதியிட்டு, கையொப்பமிட்டு, பிள்ளையின் கையில் கொடுத்தார்கள். பதிவு அறுந்த இடத்தில் அறுந்தபடியே இருக்கிறது. அந்தத் தாள் அதன் அருகே இருக்கிறது. இரண்டும் உண்மை.

ஐயாயிரம் பேர் உண்டு திருப்தியடைந்த பின், மீந்த அப்பத் துண்டுகளையும் வீணாக்காமல் சேர்க்கும்படி நம் ஆண்டவர் சீஷர்களுக்குக் கட்டளையிட்டார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. கூடைகளில் இருந்தவை முழு அப்பங்கள் அல்ல, துண்டுகளே. அவற்றை ஒட்டி முழு அப்பமாகக் காட்ட ஒருவரும் முயலவில்லை. துண்டு துண்டாகவே அவை அருமையானவை.

ஆகையால் அன்பானவர்களே, சில நடைமுறை ஆலோசனைகள். பதிவு தொடங்குமுன் சார்ஜையும் காலியிடத்தையும் பாருங்கள். அழைப்பு வந்து இடைமறிக்காதபடி விமானப் பயண நிலைக்கு மாற்றுங்கள். நீண்ட சாட்சியைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தனித்தனிக் கோப்புகளாக எடுங்கள். ஒன்று சிதைந்தாலும் மற்றவை தப்பும். இயன்றால் இரண்டாவது கைபேசியிலும் பதிவுசெய்யுங்கள். எழுந்து செல்லுமுன் சற்றே ஓடவிட்டுக் கேளுங்கள். அன்றைக்கே கணினியிலும் பென் டிரைவிலும் நகல் எடுத்து, வெளியூரிலுள்ள உறவினர் ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள். யார் பேசினார், எந்த நாள், எந்த இடம், யார் உடனிருந்தார் என்பதைத் தாளில் எழுதிவையுங்கள்.

இவை எல்லாவற்றிலும் மேலானது ஒன்று உண்டு. உங்கள் வீட்டு மூத்தவர் இன்னும் உங்களோடு இருந்தால், இந்த வாரமே அவர் அருகில் அமருங்கள். பதிவு பழுதானாலும், அவர் மறுபடியும் சொல்வார்.

ஜெபம்: எங்கள் கண்ணீரையும் பெயர்களையும் மறவாத பரம தகப்பனே, எங்கள் முன்னோர்கள் விட்டுச்சென்ற சாட்சிகளை உண்மையாய்க் காத்துக்கொள்ளக் கிருபை தாரும். குறைவுபட்டதைப் பொய்யினால் நிரப்பும் ஆசைக்கு எங்களை விலக்கிக் காரும். எங்களுக்குக் கேளாமற்போன வார்த்தைகளும் உமது சமுகத்தில் கேட்கப்பட்டவை என்று விசுவாசித்து இளைப்பாற உதவி செய்யும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.