மெட்டு: நாட்டுப்புறம்

ஒலிநாடா உறைகளில் தொடங்கி இன்றைய யூட்யூப் குறிப்புகள் வரை ஒரு வாசகம் அலுக்காமல் வந்துகொண்டிருக்கிறது: ‘மெட்டு: நாட்டுப்புறம்’. வாத்தியம் சேர்த்தவருக்குப் பெயர் உண்டு. ஒலிப்பதிவு செய்தவருக்கு உண்டு. உறைக்குப் படம் போட்டவருக்குக்கூட உண்டு. மெட்டுக்கு மட்டும் ஒரு திசை. நாட்டுப்புறம் என்பது ஆளா, ஊரா? எந்தத் தாலுகாவில் இருக்கிறது?

இதை அறியாமை என்று நமது விமர்சகர்கள் பெருந்தன்மையோடு விட்டுவிடுகிறார்கள். நான் விடத் தயாரில்லை. இது ஒரு சௌகரியம்.

வேலூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில் தோல் நாற்றத்தில் வளர்ந்தவனுக்கு இந்த வியாபாரம் புதிதல்ல. ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் ஆவாரம்பட்டைச் சாற்றில் பாதி பதப்பட்ட தோல், வெள்ளைக்காரன் காலத்தில் ‘ஈஸ்ட் இந்தியா’ என்ற பெயரில் கப்பலேறியது. இங்கிலாந்தில் மீதிப் பதமும் மெருகும் ஏறியதும் அது அவர்கள் சரக்கு. சுண்ணாம்புக் குழியில் நின்றவன் மட்டுமல்ல, அவன் ஊரும் ஜில்லாவும்கூட அந்தப் பெயரில் கரைந்துபோயின. ‘நாட்டுப்புறம்’ நமது ஈஸ்ட் இந்தியா.

தலைப்பு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துச் சாவு வீட்டில் அழுகிறவளிடம் பாட்டின் பெயரைக் கேட்டால் சொல்லமாட்டாள். ‘அது எங்க பெரியத்த அழுவறது’ என்பாள். தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஆள் இருக்கிறாள். பதிவு செய்ய வருகிறவர் முதல் வரியைப் பிய்த்துத் தலைப்பாக்கிவிட்டுப் பெரியத்தையை எறிந்துவிடுகிறார். அதே மெட்டு வேறு முதல் வரியோடு திருவண்ணாமலையில் அகப்பட்டால் அது வேறு பாட்டு. அதே வரி வேறு மெட்டில் கிடைத்தாலோ ஒரே பாட்டு! இந்தக் குழப்பத்தின் மேல்தான் ஆய்வேடுகள் கட்டப்படுகின்றன.

மெட்டுக்குப் பெயர் வைக்கத் தெரியாதவர்களல்ல நாம். நொண்டி நாடகத்திலிருந்து வந்தது நொண்டிச் சிந்து. ஆனந்தக்களிப்பு என்றால் தாயுமானவர் நினைவு வரும். பாரதி இந்தப் பெயர்களை மறைக்கவில்லை. எடுத்த இடத்தைச் சொல்லியே எடுத்தான். காவடிச் சிந்தையோ இன்று அனாதை மெட்டாக விற்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் என்றொருவர் இருந்தது அவர்களுக்குத் தடையாக இல்லை. அவர் காவடிக்காரர்களிடமிருந்து எதை வாங்கினார், எதைத் தாமே செய்தார் என்பது நல்ல கேள்வி. ‘நாட்டுப்புறம்’ என்ற சொல் விழுந்ததும் அந்தக் கேள்வி செத்துவிடுகிறது.

1871ல் சார்லஸ் கோவர் தென்னிந்திய நாட்டுப் பாடல்கள் என்று புத்தகம் போட்டபோது திருக்குறளையும் உள்ளே சேர்த்தார். அதைப் பார்த்துச் சிரிக்கிறோம். புலவன் பெயர் தெரிந்த நூலை நாட்டுப்பாடலாக்கினால் அபத்தம். ஆள் தெரிந்த ஒப்பாரியை அப்படி ஆக்கினால் ஆராய்ச்சி.

சட்டமும் இதற்குத் துணை நின்றது. 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி அச்சிலோ எழுத்திலோ வராத மெட்டு இசைப் படைப்பே அல்ல. 1994 திருத்தத்தில்தான் அந்த நிபந்தனை போயிற்று. அதுவரை, எழுதத் தெரியாதவளின் மெட்டு சட்டத்தின் காதில் விழவில்லை.

சட்டம் திருந்தியும் நமது காது திருந்தவில்லை. 2021 மார்ச்சில் வந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ பற்றிய சச்சரவு ஞாபகமிருக்கும். எங்கள் பழைய வட ஆற்காட்டைச் சேர்ந்த அரக்கோணத்துக்காரர் அறிவு; இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் கதையை அதில் வைத்தார். ஒப்பாரியும் அதில் உண்டு. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமல் அது பாடப்பட்டது. இயற்றியதும் எழுதியதும் தாமே என்றார் அறிவு. தீ, அறிவு, தாம் என மூவரின் கூட்டு வேலை என்றார் சந்தோஷ் நாராயணன். தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. ஆனால் வேடிக்கை பார்த்த இலக்கிய நண்பர்கள் பேசியது என் காதில் விழுந்தது. மூவரின் பங்கைப் பைசா சுத்தமாகப் பிரித்த அவர்கள், நாலாவதாக நின்ற அழுகைக்காரியிடம் வந்ததும் ‘ஒப்பாரி பொதுச்சொத்து’ என்று முடித்துக்கொண்டார்கள்.

கிணறு பொதுவாக இல்லாத ஊரில், சுடுகாடு பொதுவாக இல்லாத ஊரில், மெட்டு மட்டும் எப்படி ஐயா பொதுவாயிற்று?

‘மக்கள் படைப்பு’ என்று இதற்கு முற்போக்கு ஜோடனை செய்கிறவர்கள் நா. வானமாமலையையாவது புரட்டிப் பார்க்கலாம். 1964ல் வெளிவந்த ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ தொகுப்பில் பாட்டுக்குக் கீழே சேகரித்தவர் பெயரையும் இடத்தையும் போட்டார். கைபேசி இல்லாத காலத்தில் அது முடிந்தது. இன்று அதற்கு மேல் இரண்டு வரி போதும்: பாடியவர் யார், அவர் யாரிடம் கேட்டார்.

கடைசியாக, இந்தப் பக்கங்களில் எழுதுகிற நம்மவர்களுக்கு. கவிதையின் தலையில் ‘நாட்டுப்புற மெட்டில்’ என்று போடும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. அடுத்த முறை போடுகிறவர் எந்த ஊரில், எவர் வாயில் கேட்டார் என்றும் எழுதட்டும். முடியாவிட்டால் ‘விசாரிக்கவில்லை’ என்று அச்சிடட்டும்.