மணப்பெண்ணுக்கு மஞ்சள் காமாலை!

கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்தைப் பிரித்த பெண்ணின் அப்பா, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். அப்புறம் என் மச்சானைப் பார்த்தார்.

"ஏன் சார், என் பொண்ணுக்கு மஞ்சள் காமாலையா?"

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். திருவல்லிக்கேணியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஓசியில் எடுத்துக்கொள்ளலாம் என்று போன நான், இந்த வைபவத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டேன். எழுந்து போகவும் முடியவில்லை. சுவாரசியமாகவும் இருந்தது.

பெண்ணின் அம்மா அடுத்த பக்கத்தைப் புரட்டினார். "இது எம்.எஸ். ப்ளூங்க. காஞ்சிபுரத்துல நாலு கடை ஏறி இறங்கி எடுத்தது. இதைப் பாருங்க, ஸ்கூல் யூனிஃபார்ம் மாதிரி இருக்கு!"

(எம்.எஸ். சுப்புலட்சுமியால் பெயர் பெற்ற நீலம் அது என்று என் மனைவி பிற்பாடு சொன்னாள். பி.காம். படித்த எனக்குத் தெரிந்த ஒரே நீலம் கார்பன் பேப்பர்.)

ஆல்பம் திரும்பி வந்தது. மறுபடி அடித்துக் கொடுக்க பன்னிரண்டாயிரம் ரூபாய் தண்டம். மச்சான் நேராக உள்ளறைக்குப் போனார். அங்கே டிசைனர் குமரேசன், வயசு இருபத்து மூணு, சம்பளம் பதினைந்தாயிரம், மானிட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"உனக்குக் கலர் கண்ணே இல்லைடா. மாசம் மூவாயிரம் பிடிப்பேன். நாலு மாசம்."

கணக்கு சரியாக இருந்தது. மச்சான் கணக்கில் எப்போதும் புலி.

சாயங்காலம் டீக்கடையில் குமரேசன் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்தான்.

"போன சனிக்கிழமையே கண்ணாஸ்பத்திரிக்குப் போய் வந்துட்டேண்ணே. ஏற்கெனவே ஒரு ஆல்பம் இப்படித்தான் திரும்பி வந்துச்சு. எனக்கே சந்தேகம் வந்துருச்சு."

புள்ளி புள்ளியாக வட்டம் வரைந்து, நடுவில் நம்பரை ஒளித்துவைத்துக் காட்டுவார்களே, அந்தப் பரீட்சை. ஜப்பானிய டாக்டர் இஷிஹாரா 1917-ல் வெளியிட்டது. குமரேசன் எல்லா நம்பரையும் சரியாகப் படித்திருக்கிறான். 'நார்மல்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

"இதை அவர்கிட்ட எப்படிக் காட்டறதுன்னுதான் தெரியலைண்ணே."

எனக்கு டீ இறங்கவில்லை. ஆபீஸில் எக்செல் வேகமாகப் போடுவதால் குடும்பத்தில் எனக்கு 'கம்ப்யூட்டர் தெரிஞ்சவன்' என்று ஒரு பொய்யான பட்டம் உண்டு. அந்தத் தைரியத்தில், "நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன்.

ஸ்டூடியோவில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் ஒரு அட்டைப் பெட்டி தூங்கிக்கொண்டிருந்தது. ரெண்டு வருஷம் முன்பு மச்சான் ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்டில் ஆறாயிரத்துக்கு வாங்கிய கலரிமீட்டர். (கம்பெனி பெயர் வேண்டாம்.) பார்க்க மவுஸ் மாதிரி இருக்கும். ஒயரில் ஒரு எடைக்கட்டி. அதை மானிட்டருக்குப் பின்பக்கம் தொங்கவிட்டு, மீட்டரைத் திரையில் சாய்த்துவைக்க வேண்டும். கம்ப்யூட்டர் விதவிதமாகக் கலர் காட்டும். மீட்டர் அளக்கும். எங்கே கூட, எங்கே குறைய என்று கண்டுபிடித்து ஒரு திருத்தக் கணக்கு எழுதி வைக்கும். அந்தக் கணக்குக்கு 'ப்ரொஃபைல்' என்று பெயர்.

இவ்வளவு உபயோகமான சாமான் ஏன் பிள்ளையாருக்குப் பின்னால்? கூட வந்த மென்பொருள் சி.டி.யில் இருக்கிறது. ஸ்டூடியோவில் இருக்கும் எந்தக் கம்ப்யூட்டரிலும் சி.டி. டிரைவ் இல்லை. உங்கள் ஆபீஸில் இருக்கிறதா, பாருங்கள்.

சி.டி. இல்லாவிட்டால் என்ன என்று இணையத்தில் துழாவியதில் 'ஆர்கில் சி.எம்.எஸ்.' கிடைத்தது. ஆஸ்திரேலியாவில் கிரேம் கில் என்பவர் எழுதிய இலவச மென்பொருள். பல கம்பெனி மீட்டர்களோடு பேசும். கறுப்பு ஜன்னலில் டைப் அடித்துத்தான் வேலை வாங்க வேண்டும். டைப் அடிப்பது நமக்குப் புதிதா என்ன! (லோயர் பாஸ். ஹையர் பாதியில் நின்றுவிட்டது.)

மீட்டரைச் சொருகியதும் ஆர்கில் அடையாளம் கண்டுகொண்டது. 'என்ன மாதிரி திரை?' என்று கேட்டது. ரெண்டே ரெண்டு பதில்தான் கொடுத்திருந்தது. பழைய டி.வி. மாதிரி திரும்பத் திரும்பப் புதுப்பிக்கிற திரையா, இல்லையா? இல்லை என்றேன். கட கடவென்று அளந்து முடித்தது. திரை லேசாக ரோஸ் பூத்த மாதிரி ஆயிற்று. மெஷினே சொல்லிவிட்டதே, இதுதான் சரி என்று நினைத்தேன்.

குமரேசன் அந்தத் திரையை நம்பி ரெண்டு பக்கத்தைத் திருத்தினான். லேபுக்கு அனுப்பினோம். மறுநாள் டெஸ்ட் பிரிண்ட் வந்தது.

மச்சான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மஞ்சள் போய் இப்போ பச்சை வந்திருக்கு மாப்ளே. பையனுக்குக் கண்ணு சரியில்லைன்னு அன்னிக்கே சொன்னேன்ல?"

குமரேசன் தலையைக் குனிந்துகொண்டான். அவனைக் காப்பாற்றப் போன நான், குழியை இன்னும் ரெண்டடி ஆழமாக வெட்டிக் கொடுத்திருந்தேன்.

அன்று ராத்திரி, முதலிலேயே செய்திருக்க வேண்டிய காரியத்தைச் செய்தேன். ஆர்கிலோடு வரும் கையேட்டைப் படித்தேன்.

விஷயம் இதுதான். தி.நகரில் புடவை எடுக்கும்போது உங்கள் அம்மா என்ன செய்கிறார்? கடை விளக்கில் பார்த்ததை நம்பாமல், வாசலுக்கு எடுத்துக்கொண்டுபோய் வெயிலில் பார்க்கிறார். விளக்கு மாறினால் கலர் மாறும் என்று அவருக்குத் தெரியும். மீட்டருக்கு அது தெரியாது. மீட்டருக்குள் இருப்பது கலர் கண்ணாடி மாதிரி சில வடிகட்டிகள்தான். அவை மனிதக் கண்ணுக்குக் கிட்டத்தட்டச் சமமே தவிர, அச்சு அசல் அல்ல. பழைய எல்.சி.டி.க்குப் பின்னால் எரிவது குட்டி ட்யூப்லைட். இப்போது எரிவது எல்.இ.டி. அதிலேயே பல ஜாதி. ஒவ்வொன்றின் ஒளியும் ஒவ்வொரு கலவை. நமக்கு எல்லாமே வெள்ளையாகத் தெரியும். வடிகட்டிகள் ஒவ்வொன்றிடமும் ஒவ்வொரு விதமாக ஏமாறும்.

எனவே மீட்டர் தயாரித்தவர்கள் என்ன செய்கிறார்கள்? வகை வகையான திரைகளின் ஒளியை விலை உயர்ந்த கருவியால் அளந்து, ஃபைல்களாகப் போட்டுத் தங்கள் மென்பொருளோடு கொடுக்கிறார்கள். 'இந்த ஜாதித் திரை என்றால் இப்படித் திருத்திக்கொள்' என்று மீட்டருக்கு எழுதிய பொழிப்புரை. அது இல்லாத மீட்டர், வாசலுக்குப் போகாமல் புடவை எடுத்த ஆசாமி. என்னை மாதிரி.

நம்ம மீட்டராவது தப்பாக அளந்தது. ஸ்பைடர் 2 என்று ஒரு பழைய மாடல் உண்டு. தயாரிப்பாளரின் ஃபைல் ஒன்றை அதற்குள் ஏற்றினால்தான் அளக்கவே ஆரம்பிக்கும். இந்த ஃபைல்கள் கம்பெனிகளின் சொத்து என்பதால் ஆர்கில் தன்னோடு சேர்த்துத் தருவதில்லை. உன் சி.டி.யிலிருந்து நீயே எடுத்துக்கொள் என்கிறது. எடுப்பதற்கென்றே 'ஓ.இ.எம். இன்ஸ்ட்' என்று ஒரு குட்டிக் கட்டளை வைத்திருக்கிறது.

ஆக, மறுபடி சி.டி. டிரைவ்.

ஞாயிற்றுக்கிழமை மாம்பலம் போனேன். மாமனார் வீட்டில் பின்னல் துணி போர்த்தி, மேலே ஒரு தலையாட்டி பொம்மையோடு ஒரு கம்ப்யூட்டர் உண்டு. விண்டோஸ் எக்ஸ்.பி. அவர் அதில் சீட்டு விளையாடுவார்.

"அது நல்லா ஓடிண்டிருக்கு மாப்பிள்ளை. ஒண்ணும் கைவைக்காதீங்கோ."

"தொடலை மாமா. சி.டி.யை உள்ள விட்டு, பென் டிரைவ்ல காப்பி பண்ணிண்டு போயிடறேன்."

அவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து காவல் காத்தார். டிரைவ், கிரைண்டரில் அரிசி போட்ட மாதிரி சத்தம் போட்டது. மாமியார் கொடுத்த மூணு அடையும் முடிந்தபோது காப்பியும் முடிந்தது.

ஸ்டூடியோவில் பென் டிரைவைச் சொருகியதும், ஆர்வம் தாங்காமல் மச்சானே 'செட்டப்'பை டபுள் கிளிக் செய்தார். இந்த விண்டோஸில் ஓடாது என்று சேதி வந்தது.

"போச்சு! அடை சாப்பிட்டதுதான் மிச்சம்."

"இருங்க மச்சான். அதை இன்ஸ்டால் பண்ண வேண்டியதில்லை."

நமக்குத் தேவை அந்த மென்பொருள் அல்ல, அதற்குள் பொதிந்திருக்கும் ஃபைல்கள். கறுப்பு ஜன்னலைத் திறந்து, ஓ.இ.எம். இன்ஸ்ட் என்று அடித்து, பக்கத்தில் செட்டப் ஃபைல் இருக்கும் விலாசத்தைக் கொடுத்தேன். கல்யாணத்தில் சாப்பிடாமல் தாம்பூலப் பையை மட்டும் வாங்கிக்கொண்டு வருகிற மாதிரி, உள்ளே போய்த் தேவையானதை மட்டும் உருவி, ஆர்கிலுக்குப் புரிகிற வடிவத்தில் மாற்றி, வைக்க வேண்டிய இடத்தில் வைத்துவிட்டது. நடுவில் 'மைனஸ் வி' என்று சேர்த்தால், என்ன செய்கிறது என்பதை விவரமாகச் சொல்லும். கட்டளை அடிக்கப் பயப்படுகிறவர்களுக்கு 'டிஸ்ப்ளேகால்' என்று ஒரு மேல்சட்டை இருக்கிறது. அதில் மெனுவிலேயே இறக்குமதி செய்துகொள்ளலாம்.

இப்போது, 'என்ன மாதிரி திரை?' என்ற அதே கேள்விக்கு ரெண்டுக்குப் பதில் ஒரு நீளமான பட்டியல் வந்தது. ட்யூப்லைட் எல்.சி.டி., அகலக் கலர் எல்.சி.டி., வெள்ளை எல்.இ.டி. என்று ஹோட்டல் மெனு மாதிரி. இதில் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் மறுபடி பழைய குருடி கதைதான். குமரேசன் மானிட்டரைத் திருப்பி, முதுகில் ஒட்டியிருந்த மாடல் நம்பரைக் குறித்துக்கொண்டுபோய்த் தேடினான். அகலக் கலர் காட்டும் எல்.இ.டி. ரகம். பட்டியலில் அதற்கு நேரான வரியை அவனே காட்டினான்.

மானிட்டரை அரைமணி நேரம் எரியவிட்டுச் சூடாக்கினோம். ஜன்னல் திரையை இழுத்துவிட்டோம். வெண்மை 6500 கெல்வின், காமா 2.2, வெளிச்சம் 120 கேண்டெலா என்று சொல்லிக்கொடுத்தேன். முன்பு அந்த மானிட்டர் கிட்டத்தட்ட 300-ல் எரிந்துகொண்டிருந்தது, அதுவும் இருட்டறையில். வெளிச்சம் அதிகம் என்று குமரேசன் படத்தை இருட்டாக்கியிருக்கிறான். திரையில் நீலம் தூக்கல். அதைச் சரிக்கட்டப் படத்தில் மஞ்சள் ஏற்றியிருக்கிறான். ஏற்றிய மஞ்சள் பெண்ணின் கன்னத்திலும், போன நீலம் புடவையிலும் தெரிந்துவிட்டது. பையனின் கண் ரொம்ப ஒழுங்காக வேலை செய்திருக்கிறது. தப்பான திரைக்கு!

அளந்து முடிந்தது. திரை கொஞ்சம் பழுப்பேறின மாதிரி இருந்தது.

"டல்லா இருக்கேண்ணே" என்றான் குமரேசன்.

"நீலத்துக்குப் பழகின கண்ணு. கொஞ்ச நேரம் போகட்டும். அந்தப் பழைய ஆல்பம் ஃபைலைத் திற."

திருப்பி அனுப்பப்பட்ட அதே ஆல்பம், அதே முதல் பக்கம், ஒன்றும் திருத்தாமல். திறந்தான்.

மஞ்சள் காமாலைப் பெண், ஸ்கூல் யூனிஃபார்ம் புடவையில், திரையிலேயே சிரித்துக்கொண்டிருந்தாள்.

மச்சான் பிரிண்டைக் கொண்டுவந்து திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தூக்கிப் பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார்.

"அட, அப்படியே இருக்கு."

"இத்தனை நாளா இது உங்க மானிட்டர்ல தெரியலை, மச்சான். தெரிஞ்சிருந்தா அவன் அனுப்பியிருப்பானா?"

மச்சான் பேசவில்லை. குமரேசன் சட்டைப் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து கீபோர்டுமேல் வைத்தான். மச்சான் பிரித்துப் படித்தார். தேதியையும் பார்த்தார் என்று நினைக்கிறேன். மறுபடி நாலாக மடித்து அவனிடமே கொடுத்துவிட்டு, "மூணு டீ சொல்லுடா" என்றார். அவர் கடையில் என் சொந்தக் காசில்லாமல் நான் குடித்த முதல் டீ.

அடுத்த டெஸ்ட் பிரிண்டை, பெண்ணின் அம்மா புடவைத் தலைப்பைப் பக்கத்தில் வைத்து, ஸ்டூடியோ வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பார்த்தார். "இது எம்.எஸ். ப்ளூ" என்றார். ஐ.எஸ்.ஐ. முத்திரை குத்தின மாதிரி.

இப்போது அந்த ஃபைல்கள் மூணு பென் டிரைவில் இருக்கின்றன. ஒன்று பிள்ளையாருக்குப் பின்னால். மாசம் ஒருதரம் குமரேசன் திரையை அளக்கிறான். மானிட்டருக்கு வயசாக ஆகக் கலர் நகருமாம்.

போன வாரம் மச்சான் போன் செய்தார்.

"மாப்ளே, பையன்கிட்ட பிடிச்ச மூவாயிரத்தைத் திருப்பிக் குடுத்துட்டேன். மிச்சம் மூணு மாசமும் பிடிக்கப்போறதில்லை. ஆனா இதை எந்த ஹெட்ல எழுதறதுன்னு ஆடிட்டர் கேட்கறார். நீதான் பி.காம். ஆச்சே?"

"ப்ரையர் பீரியட் அட்ஜஸ்ட்மென்ட்னு போடுங்க மச்சான்."

"அப்படீன்னா?"

"முன்னாடி வருஷக் கணக்குல பண்ணின தப்பை இப்போ திருத்தி எழுதறது."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"சுருக்கமா வேற ஏதாவது சொல்லு மாப்ளே."

"அப்போ மானிட்டர் ரிப்பேர்னு எழுதுங்க" என்றேன்.