பத்து ரூபாய் லைட்டர் எந்த வழியாக வருகிறது?



கோவில்பட்டியில் எந்தப் பெட்டிக்கடைக்குப் போனாலும் சிகரெட் பாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் கலர் கலராக பிளாஸ்டிக் லைட்டர் தொங்குகிறது. விலை பத்து ரூபாய். தீப்பெட்டியை வைத்தே பிழைக்கும் ஊரிலேயே இந்தக் கதி.

ஒரு லைட்டர் இருபது தீப்பெட்டிகளின் விற்பனையைப் பறிக்கிறது என்று 2022 செப்டம்பரில் தமிழக முதல்வரே ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதினார். பண்டலுக்கு 600 பெட்டி. அந்தக் கணக்குப்படி கடைக்காரர் முப்பது லைட்டர் விற்றால் இங்கே ஒரு பண்டல் தேங்கிவிடும். சரக்கு தேங்கினால் தீப்பெட்டி ஆபீஸில் முதலில் குறைவது வேலைநாள்தான். கட்டை அடுக்குவதும் பெட்டி அடைப்பதும் பெரும்பாலும் பெண்கள். அடைத்த பெட்டிக்குத்தான் கூலி. வானம் பார்த்த கரிசல் காட்டில் எங்கள் தெரு மதினிமாருக்கு இதை விட்டால் வேறு வருமானம் ஏது?

20 ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர்களை இறக்குமதி செய்ய 2023 ஜூன் இறுதியில் தடை வந்தது. உதிரி பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்கிறார்கள் என்று புகார் எழுந்த பிறகு, 2024 அக்டோபரில் பாகங்களுக்கும் தடை போட்டார்கள். பட்டாசு வெடித்து வரவேற்றோம். ஆனால் கடையில் லைட்டர் குறைந்தபாடில்லை.

எனக்குப் புரியாத கணக்கு இதுதான். துறைமுகத்தில் இறங்கும்போதே 20 ரூபாய்க்குக் குறையாத சரக்கு, வரியும் மொத்த வியாபாரியின் லாபமும் ஏறிய பிறகு கடையில் பத்து ரூபாய்க்கு எப்படிக் கிடைக்கும்? பழைய இருப்பு என்றால் இத்தனை காலமாகவா தீராமல் இருக்கிறது? உள்நாட்டிலேயே செய்தது என்றால் சந்தோஷம். செய்தவர் பெயரையும் ஊரையும் அதில் அச்சடிக்கட்டுமே. சுங்கத்துறை அதிகாரிகளுக்கு இந்தக் கேள்வி தோன்றாதா?

அடுப்பு பற்றவைக்கும் லைட்டர் வந்தபோதும் எங்களுக்கு அடி விழுந்தது. அதைத் தடை செய்யுங்கள் என்று யாரும் கொடி பிடிக்கவில்லை. அது வருஷக்கணக்கில் உழைக்கும் பொருள். இதுவோ எரிவாயு தீர்ந்ததும் சாக்கடைக்குப் போகிறது. தீக்குச்சியும் அட்டையும் மக்கிப்போகும், இந்த பிளாஸ்டிக் மக்குமா?

இதில் வேடிக்கை என்னவென்றால், 2022 ஜூலை 1 முதல் தடை செய்யப்பட்ட ஒருமுறை பயன்பாட்டு பிளாஸ்டிக் பட்டியலில் சிகரெட் பாக்கெட்டின் மேல் சுற்றும் மெல்லிய தாள்கூட இருக்கிறது. அந்த சிகரெட்டைப் பற்றவைத்துவிட்டுத் தூக்கி எறியும் லைட்டர் இல்லை!

வாங்குகிறவரை நான் குறை சொல்லவில்லை. மழையில் நமத்துப்போகாத, பையில் கிடக்கிற பொருளை யாரும் வாங்கத்தான் செய்வார்கள். பெட்டிக்கடைக்காரருக்கு அபராதம் போடுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. அவருக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு ரூபாய். மொத்த வியாபாரியின் குடோனில் போய் பில்லைக் கேளுங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் லைட்டரை அந்தத் தடைப் பட்டியலில் சேருங்கள். எந்தத் துறைமுகம் வழியாக எத்தனை லைட்டர், என்ன விலை காட்டி உள்ளே வந்தது என்ற விவரத்தை மாதாமாதம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கோவில்பட்டி வாசகர்