பிட்டநிலைக் குழந்தையும் எல்லைப்புறத் தாய்மாரும்

காலால் பிறந்தவரின் கால் பட்டால் சுளுக்கு நீங்கும் என்ற நம்பிக்கை தமிழ் வழங்கும் ஊர்கள் பலவற்றில் உண்டு. இந்நம்பிக்கைக்கு விஞ்ஞான ஆதாரம் எதுவும் இல்லை. ஆயினும் அதனுள் ஓர் உண்மை மறைந்து கிடக்கிறது. காலால் பிறந்து உயிர் பிழைப்பது அரிய செயலாக இருந்தமையாலேயே, அவ்வாறு பிறந்தவருக்குத் தனி ஆற்றல் கற்பிக்கப்பட்டது போலும். பிழைத்தவரை ஊர் நினைவில் வைத்துக்கொண்டது. பிழைக்காத சிசுக்களை எவரும் எண்ணி வைக்கவில்லை.

கருப்பையில் குழந்தை தலை கீழாக அமைவதே இயல்பு. சில குழந்தைகள் தலையை மேலே வைத்துப் புட்டத்தையோ காலையோ கீழே வைத்து அமைகின்றன. இதனைப் பிட்டநிலை என்பர். கர்ப்பத்தின் 28ஆம் வாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தை இந்நிலையில் இருக்கும். அவற்றுள் பெரும்பாலானவை தாமே திரும்பிவிடுவதால், நிறைமாதத்தில் நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு குழந்தைகளே பிட்டநிலையில் எஞ்சுகின்றன. ஆதலின் ஏழாம் மாதத்தில் குழந்தை திரும்பவில்லை என்று கேட்டுத் தாய் அஞ்ச வேண்டியதில்லை. 36ஆம் வாரத்திலும் திரும்பவில்லையெனில் வாளா இருக்கலாகாது.

நூற்றுக்கு மூன்று என்பது சிறிய எண்ணாகத் தோன்றும். ஆண்டுக்குப் பத்துப் பிரசவம் நிகழும் ஒரு மலைக்குடியில் இத்தகைய பிரசவம் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நேரலாம். அடிக்கடி நேர்வதற்கு ஊர் ஆயத்தமாக இருக்கும். ஒருபோதும் நேராததைப் பற்றிக் கவலையில்லை. மறந்துபோகும் அளவுக்கு அரிதாகவும், உயிரைக் கொள்ளும் அளவுக்குக் கொடிதாகவும் இருப்பதே இதன் அபாயம்.

அபாயத்தின் காரணம்

குழந்தையின் உடலில் பெரியதும் கடினமானதுமான பகுதி தலை. தலை முதலில் வரும் பிரசவத்தில் அது வழியை அகலச் செய்துவிடுவதால் உடல் எளிதில் பின்தொடர்கிறது. பிட்டநிலையில் தலை கடைசியில் வருகிறது. உடல் வெளிப்பட்ட பின் தலை தடைப்படின், தொப்புள்கொடி இடையில் நசுங்கிக் குழந்தைக்குப் பிராணவாயு கிட்டாமற் போகும். அந்நிலையில் கையில் இருப்பது சில நிமிடங்களே. கால் முதலில் இறங்கும் வகையில், பனிக்குடம் உடைந்தவுடன் தொப்புள்கொடி நழுவி வெளியே வரும் அபாயமும் மிகுதி. மருத்துவமனைக்கு அண்மையில் உள்ள தாய்க்கே இவை கடுஞ்சோதனைகள். மருத்துவமனையை அடையப் பல மணி நேரமாகும் இடத்திலோ கூறவேண்டியதில்லை.

பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் கிழக்கு ஓரம் அத்தகைய இடமே. இருளர், முதுகர், குறும்பர் வாழும் அட்டப்பாடியிலிருந்து ஒரு வழி மலையிறங்கி மன்னார்க்காட்டுக்கும், மற்றொரு வழி ஆனைகட்டியைக் கடந்து கோயம்புத்தூருக்கும் செல்கிறது. பறம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தில் உள்ளது. ஆயினும் வாகனத்தில் அங்குச் செல்வோர் தமிழ்நாட்டின் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகவே சென்று வந்துள்ளனர். மறையூர் மக்களுக்குச் சின்னாறு காட்டைக் கடந்தால் உடுமலைப்பேட்டை. தேயிலை, ஏலத் தோட்டங்களில் உழைப்போருக்குப் போடியும் கம்பமும் உறவூர்கள். 2010ஆம் ஆண்டில் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக அமைந்த இடமலக்குடியில் முதுவர் குடிகள் காட்டினுள் சிதறிக் கிடக்கின்றன. அங்கிருந்து நோயாளிகளைத் துணித்தூளியில் இட்டுச் சுமந்துவந்த செய்தி நாளிதழ்களில் ஒருமுறையன்று, பலமுறை வெளிவந்துள்ளது. 2022 டிசம்பரில் அட்டப்பாடியின் கடுகுமண்ணா ஊரிலிருந்து ஒரு கர்ப்பிணி இவ்வாறே சுமந்துவரப்பட்டார்.

2018 முதல் 2020 வரையிலான மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்குத் தாய்மார் மரணம் கேரளத்தில் 19. இந்தியா முழுமைக்கும் 97. இது பெருமைக்குரிய நிலை. ஆனால் மாநிலத்தின் சராசரி மலையின் உச்சியைக் காட்டுவதில்லை. 2013ஆம் ஆண்டில் அட்டப்பாடியில் அடுத்தடுத்து நிகழ்ந்த சிசு மரணங்கள் நாட்டின் கவனத்தை ஈர்த்தபோது இவ்வுண்மை யாவருக்கும் விளங்கிற்று. தாயின் சோகையும் ஊட்டக்குறைவும் குறைமாதப் பிரசவத்துக்கு ஏதுவாகும். குறைமாதக் குழந்தைகளிடையே பிட்டநிலை மிகுதி. ஒரு துன்பம் மற்றொன்றைக் கைப்பிடித்து அழைத்து வருகிறது.

அறிவதற்கு வேண்டுவன

பிட்டநிலையை ஐயுறுவதற்குப் பெரிய கருவி தேவையில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய மருத்துவர் லியோபோல்டு வகுத்த முறைப்படி, பயிற்சி பெற்ற செவிலியின் இரு கைகளே போதுமானவை. வயிற்றின் மேற்பகுதியில் உருண்டையாகவும் கெட்டியாகவும், தட்டினால் துள்ளுவதாகவும் ஒரு பகுதி தென்படின் அது தலையாகலாம். இதயத்துடிப்பு தொப்புளுக்கு மேலே தெளிவாகக் கேட்பின் ஐயம் வலுப்படும். குழந்தை அடிவயிற்றில் உதைக்கிறது என்றும், விலாவின்கீழ் கெட்டியாக இடிக்கிறது என்றும் தாய் கூறுவதைக் காதில் வாங்காமல் விடலாகாது. தேர்ந்த கைகளும் சில வேளை தவறும். எனவே ஸ்கேன் பரிசோதனையால் உறுதி செய்துகொள்ளல் வேண்டும். நஞ்சுக்கொடி தாழ்ந்திருத்தல், நீர்க்குடத்தில் நீர் மிகுதல் அல்லது குறைதல், இரட்டைக் கரு போன்ற காரணங்களும் அப்போதே வெளிப்படும். பல தாய்மாரிடம் காரணம் எதுவும் புலப்படுவதில்லை. தாய் ஏதோ தவறு செய்ததால் குழந்தை திரும்பவில்லை என்று அவரை நோகச் செய்வது அறியாமை.

இங்கு எல்லைப்புறத்துக்கே உரிய ஒரு சிக்கல் எழுகிறது. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்வது வழக்கம். தோட்டத்தில் பதிவு செய்துகொண்ட பெண், வளைகாப்பு முடிந்து போடிக்கோ பொள்ளாச்சிக்கோ சென்றுவிடுகிறார். அவரைக் கவனித்த ஆஷா ஊழியர் கேரளத்தில். இனிக் கவனிக்க வேண்டிய செவிலி தமிழ்நாட்டில். 36ஆம் வாரப் பரிசோதனை இவ்விருவருக்கும் இடையில் நழுவி விழுகிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வகுக்கப்பட்ட எல்லைக்கோடு ஆட்சிக்கு உரியது. பிரசவ வலி அதனை அறியாது.

இதற்குப் பரிகாரம் கடினமன்று. தாய்சேய் பாதுகாப்பு அட்டையில் 36ஆம் வாரத்தில் குழந்தை இருந்த நிலை, பார்த்த தேதி, பிரசவத்துக்கு உறுதி செய்த மருத்துவமனை, அங்குச் செல்லும் வண்டி ஆகிய நான்கும் மலையாளத்திலும் தமிழிலும் எழுதப்பெறல் வேண்டும். பெண் ஊர் மாறும் நாளில், இவ்வூர் ஊழியர் அவ்வூர் ஊழியருக்குத் தொலைபேசியில் ஒரு சொல் கூறுதல் வேண்டும். மேலதிகாரியின் ஆணைக்காக இதனை ஒத்திவைக்க வேண்டியதில்லை.

திருப்புதல் யார் கையில்?

வயிற்றில் எண்ணெய் தடவிக் குழந்தையைத் திருப்பும் பழக்கம் நம் நாட்டில் பல இடங்களில் இருந்து வந்துள்ளது. அதனை முற்றிலும் மூடச்செயல் என்று தள்ளுவது முறையன்று. வெளியிலிருந்து கையால் குழந்தையைத் திருப்பலாம் என்ற கருத்து சரியானதே. மருத்துவமனைகளிலும் ஏறத்தாழ 36 அல்லது 37ஆம் வாரத்தில் அதுவே செய்யப்படுகிறது. ஆனால் அங்கு முதலில் ஸ்கேன் பார்க்கின்றனர். கருப்பையைத் தளர்த்த மருந்து தருகின்றனர். முன்னும் பின்னும் குழந்தையின் இதயத்துடிப்பைக் கவனிக்கின்றனர். தாயின் இரத்தம் ஆர்.எச். நெகட்டிவ் ஆயின் அதற்குரிய ஊசி போடுகின்றனர். ஏறத்தாழ பாதிப் பேருக்கு முயற்சி கைகூடுகிறது. இருநூறில் ஒருவருக்கு உடனடியாக அறுவைச் சிகிச்சை வேண்டியிருக்கலாம். அந்த ஒருவருக்காகவே இது அறுவைக்கூடத்துக்கு அருகில் செய்யப்பட வேண்டும். நஞ்சுக்கொடி தாழ்ந்துள்ளதை அறியாமல் வீட்டில் வயிற்றை அழுத்தினால், பெருகும் இரத்தத்தை நிறுத்த அங்கு யாருளர்?

இதனை மூத்த மருத்துவச்சியிடம் கடிந்து கூறலாகாது. ஊர்ப்பெண்கள் முதலில் நாடுவது அவரையே. "நீங்கள் கண்டறிந்து சொல்லுங்கள், பாட்டி, திருப்புவதை மருத்துவமனையில் செய்துகொள்ளலாம்" என்று மரியாதையுடன் கூறும் ஊழியருக்கு, அவர் பகைவராகார், காவலராவார். முழங்காலிட்டுக் குனிதல், மூலிகைப் புகை காட்டுதல் முதலியவற்றால் குழந்தை திரும்பும் என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. அவற்றை நம்பிக் காலம் கடத்துவதே பெருந்தீங்கு.

எல்லோருக்கும் அறுவையே வழியா?

2000ஆம் ஆண்டில் மேரி ஹன்னா என்பாரும் அவர்தம் குழுவினரும் 26 நாடுகளில் 2088 தாய்மாரைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு லான்செட் இதழில் வெளியாயிற்று. திட்டமிட்ட சிசேரியன் பிரிவில் குழந்தை மரணமோ கடும் பாதிப்போ நூற்றுக்கு 1.6, இயல்புப் பிரசவத்துக்குத் திட்டமிட்ட பிரிவில் நூற்றுக்கு 5. இவ்வாய்வு உலகெங்கும் மருத்துவ வழக்கத்தை மாற்றிற்று. நெதர்லாந்தில் இரண்டே மாதங்களில் பிட்டநிலைக்கான அறுவை நூற்றுக்கு 50லிருந்து 80ஆக உயர்ந்தது. ஆனால் 2004ஆம் ஆண்டில் வெளியான தொடராய்வில், இரண்டு வயதளவில் இரு பிரிவுக் குழந்தைகளிடையே மரணத்திலோ வளர்ச்சித் தாமதத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கவனமாகத் தேர்ந்தெடுத்த தாய்மாருக்கு, பழகிய கைகளிடத்தில் இயல்புப் பிரசவமும் தகுந்த வழியே என்று மருத்துவ உலகம் மீண்டும் கூறத் தலைப்பட்டது.

அறுவையே எளிது, அனைவருக்கும் அதனையே செய்துவிட்டால் என்ன என்று கேட்போர் உளர். இக்கேள்வியை அலட்சியம் செய்வதற்கில்லை. குழந்தை திரும்பாதிருந்து, அனுபவமிக்க கைகளும் இல்லாதபோது திட்டமிட்ட அறுவையே பாதுகாப்பானது. அதனை மறுக்கும் குடும்பத்தாரிடம் ஊழியர் தயங்காமல் எடுத்துரைக்க வேண்டும். ஆனால் மலைவாழ் தாய்க்கு ஒரு கூடுதல் கணக்கு உண்டு. அறுவையின் தழும்பு கருப்பையில் நிலைத்திருக்கிறது. அடுத்த பிரசவத்தில் வலி எழும்போது அத்தழும்பு பிளக்கும் அபாயம் சிறிதேனும் உண்டு. அறுவைதோறும் நஞ்சுக்கொடி தழும்பில் ஆழ ஊன்றும் அபாயமும் வளர்கிறது. நகரத் தாய் அரைமணியில் மருத்துவமனையை அடைவார். அடுத்த மழைக்காலத்தில் மண் சரிந்த பாதையில் நிற்கும் தாய் என் செய்வார்? ஆதலால் மருத்துவமனையில் திருப்பும் முயற்சியால் மிகுந்த பயன் பெறக்கூடியவர் மலைவாழ் தாயே. இப்பகுதிகளுக்குரிய மருத்துவமனைகள் யாவும் தக்க தாய்மாருக்கு அதனை வழக்கமாக அளித்தல் வேண்டும். பிட்டநிலைப் பிரசவத்தைக் கையாளும் திறமை இளம் மருத்துவரிடம் அழிந்துபடாமல் காத்தல் வேண்டும்.

முடிவு எதுவாயினும், தாய் முன்கூட்டியே மலையிறங்கி வந்திருத்தல் இன்றியமையாதது. மருத்துவமனைக்கு அருகில் பிரசவக் காத்திருப்பு இல்லங்கள் அமைப்பது பல நாடுகளில் கையாளப்பட்ட வழி. அவற்றின் அனுபவங்களை உலக சுகாதார நிறுவனம் 1996ஆம் ஆண்டிலேயே தொகுத்து வெளியிட்டது. ஆனால் கட்டடம் மட்டும் போதாது. மூத்த குழந்தைகளை யார் பார்ப்பர், கூலி இழப்பை யார் ஈடு செய்வர், தன் மொழியில் பேச அங்கு யார் உளர் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடையில்லாத இல்லம் காலியாகவே கிடக்கும்.

ஆசிரியரின் பங்கு இவ்விடத்தே வருகிறது. எந்த வீட்டில் பிரசவம் நெருங்குகிறது என்பதைப் பள்ளிக்கு வராத மூத்த பெண்பிள்ளை வாயிலாக அவரே முதலில் அறிகிறார். நாட்காட்டியில் வாரங்களை எண்ணிக் காட்டவும், ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு சுகாதார நிலையங்களில் நடைபெறும் இலவசக் கர்ப்பிணிப் பரிசோதனையை நினைவூட்டவும் அவரால் இயலும். 108 ஊர்தி ஒவ்வொரு மாநிலத்தின் தனி ஏற்பாட்டில் இயங்குவது. அது எந்தச் சோதனைச்சாவடிவரை வரும் என்பதை முன்னரே கேட்டறிந்து பள்ளிச்சுவரில் எழுதி வைக்கலாம்.

இவ்வளவும் செய்தும் வழியிலேயே பிரசவம் தொடங்கிவிடக்கூடும். அப்போது நினைவில் நிற்க வேண்டியது ஒன்றே: இழுக்கலாகாது. இழுத்தால் குழந்தையின் கைகள் மேலேறித் தலை நிமிர்ந்து சிக்கிக்கொள்ளும். தாயின் முக்குதலாலேயே உடல் வெளிவர விட்டு, குழந்தையின் முதுகு தாயின் வயிற்றுப்பக்கம் இருக்குமாறு மட்டும் பார்த்து, உலர்ந்த துணியால் தாங்க வேண்டும். தொப்புள்கொடி முன்னே நழுவி வந்திருப்பின், தாயை முழங்காலும் மார்பும் தரையில் படக் குப்புறச் செய்து, கொடியை வீணாகத் தொடாமல் விரைந்து கொண்டுசெல்ல வேண்டும். பிறந்தபின், பிட்டநிலையில் இருந்த எக்குழந்தைக்கும் இடுப்பு மூட்டு விலகியுள்ளதா என்று மருத்துவர் பார்த்தல் அவசியம்.

காலால் பிறந்தவரை ஊர் அதிசயமாகக் கொண்டாடிய காலம் ஒன்று இருந்தது. அக்குழந்தையின் பிறப்பு அதிசயமாக இல்லாமல், அட்டையில் எழுதப்பட்டு நாள் குறிக்கப்பட்ட சாதாரண நிகழ்ச்சியாகும்போதே கள ஊழியரின் பணி நிறைவுறும்.