பயிற்சிக்கு யாரை அனுப்புகிறீர்கள்?

போன வாரம் ஒரு போன் வந்தது. நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்த பெண். மாதம் ஒருமுறையாவது பேசுவாள். "சார், மிஷின் எப்படி இருக்குன்னு கேக்க மாட்டீங்களா?" என்று சிரித்துக்கொண்டே ஆரம்பிப்பாள். இந்தத் தடவை குரல் சுரத்தில்லாமல் இருந்தது.

"கிரையோ ஒர்க்‌ஷாப்புக்கு அப்ளை பண்ணியிருந்தேன் சார். டெக்னிக்கல் ஸ்டாஃபுக்குத் தகுதி இல்லைன்னு எங்க ஆபீஸ்லயே நிறுத்திட்டாங்க. பிஹெச்.டி. பண்ற பையன் ஒருத்தன் போறான்."

"அவனுக்கு எப்பம்மா முடியுது?"

"அடுத்த வருஷம் தீசிஸ் குடுத்துடுவான் சார்."

ஆக, கற்றுக்கொண்டு வரப்போகிறவன் ஒரு வருடத்தில் கிளம்பிவிடுவான். அந்த மைக்ரோஸ்கோப்போடு இன்னும் இருபது வருடம் குப்பை கொட்டப்போகிறவள் வீட்டிலேயே இருப்பாள். இதை எழுதாமல் எனக்குத் தூக்கம் வராது போலிருந்தது.

நான் முப்பது வருடத்துக்கு மேல் எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப் ஓட்டியவன். 'ஓட்டியவன்' என்றுதான் சொல்வோம், பஸ் ஓட்டுவது மாதிரி. கண்ணாடிக் கத்தி உடைத்து, ரெசின் கட்டியை மெல்லிய சீவலாகச் சீவி, யுரேனைல் அசிடேட்டில் சாயம் ஏற்றி, படம் எடுத்து, இருட்டறையில் பிலிம் கழுவிய தலைமுறை. கிரையோ என்ற குளிர்முறை என் சர்வீஸின் கடைசிக் காலத்தில்தான் எங்கள் கட்டடத்துக்குள் நுழைந்தது.

அது என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மைக்ரோஸ்கோப்புக்குள் வெற்றிடம். தண்ணீரில் கரைந்திருக்கும் புரதத்தை அப்படியே வைத்தால் தண்ணீர் ஆவியாகிவிடும். சாதாரணமாக உறைய வைத்தால் பனிக்கட்டிப் படிகங்கள் புரதத்தைச் சிதைத்துவிடும். கண்ணிமைக்கும் நேரத்துக்குள் குளிர வைத்தால் மட்டும் தண்ணீர் படிகமாகாமல் கண்ணாடி போல உறைகிறது. அதில் சிக்கிய லட்சக்கணக்கான புரத மூலக்கூறுகளைப் படமெடுத்து, கம்ப்யூட்டரில் சேர்த்து, முப்பரிமாண வடிவம் காண்கிறார்கள். 2020 பிப்ரவரியில் கொரோனா வைரஸின் முள்புரத வடிவம் அமெரிக்காவில் இந்த முறையில்தான் கிடைத்தது. வைரஸின் மரபணு வரிசை வெளியாகி ஆறு வாரம்கூட ஆகவில்லை. கொரோனா ஊசிகள் சிலவற்றுக்குப் பின்னால் இப்படிப்பட்ட வேலைகள் இருக்கின்றன.

இதற்கு 2017-இல் வேதியியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ழாக் துபோஷே, ஜோகிம் ஃபிராங்க், ரிச்சர்ட் ஹெண்டர்சன் என்று மூவருக்கு. தண்ணீரைக் கண்ணாடியாக உறைய வைத்தது துபோஷேயின் பங்கு. ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில், 1980-களின் தொடக்கத்தில். 1981-இல் வந்த அந்தக் கட்டுரையில் இரண்டே பெயர்கள். ஒன்று துபோஷே. இன்னொன்று அலாஸ்டேர் மெக்டோவல். அவர் அந்த ஆய்வகத்தின் மைக்ரோஸ்கோப் டெக்னீஷியன்!

'டெக்னிக்கல் ஸ்டாஃபுக்குத் தகுதி இல்லை' என்று கையெழுத்துப் போட்டவருக்கு இது தெரியுமா?

இந்த வேலை கையில் இருக்கிறது. மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு கிரிட். அதை இடுக்கியால் வளைக்காமல் பிடிக்க வேண்டும். மூன்று நான்கு மைக்ரோலிட்டர் திரவம் விட்டு, ஃபில்டர் பேப்பரால் சில நொடிகள் ஒற்றி எடுக்க வேண்டும். ஒற்றுவது குறைந்தால் பனி தடித்து எலெக்ட்ரான் ஊடுருவாது. கூடினால் புரதம் இருக்க இடமில்லாமல் காய்ந்துவிடும். பிறகு திரவ ஈத்தேனுக்குள் ஒரே பாய்ச்சல். ஏன் நேராகத் திரவ நைட்ரஜனில் போடக்கூடாது? காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருண்டு ஓடுமே, அதே கதைதான். நைட்ரஜன் கொதித்து, கிரிட்டைச் சுற்றி ஆவிப் போர்வை போர்த்தி, குளிர்வதைத் தாமதப்படுத்திவிடும். ஈத்தேன் அப்படிச் செய்யாது. ஆனால் தீப்பிடிக்கும். பக்கத்தில் ஒருவர் நின்று சொல்லிக்கொடுக்காமல் இதில் இறங்கக் கூடாது.

கம்ப்யூட்டர் பக்கத்து வேலையை வீட்டிலிருந்தே படிக்கலாம். கிராண்ட் ஜென்சன் கால்டெக்கில் இருந்தபோது நடத்திய பாடங்கள் முழுக்க இலவசமாகக் கிடைக்கின்றன. ரெலியான் என்ற மென்பொருளும் இலவசம், பழகிப் பார்க்க நிஜமான படத் தொகுப்பும் கிடைக்கிறது. ஆனால் கிரிட் உறைய வைப்பதை வீடியோவில் பார்த்து வருவது ஏட்டுச் சுரைக்காய்.

என் கதைக்கு வருகிறேன். 1990-களில் இரண்டு வாரப் பயிற்சி ஒன்றுக்கு எங்கள் நிறுவனத்துக்கு ஓர் இடம் கிடைத்தது. நான் கேட்டேன். "அது சயின்டிஸ்டுகளுக்கு" என்றார்கள். போனவர் நல்ல மனிதர்தான். சான்றிதழும் குரூப் போட்டோவும் கொண்டுவந்தார். அதன்பின் ஒருநாள்கூட மைக்ரோஸ்கோப் அறைக்குள் வரவில்லை. கொண்டுவந்த பைண்டரை மட்டும் என்னிடம் கொடுத்தார். அதை வைத்துத்தான் நான் படித்தேன்.

பல வருடம் கழித்துக் குளிர்மேடை வாங்கியபோது படமெல்லாம் கறுப்புத் திட்டு. ஏழு மாதம் போராடினேன். புரதம் சரியில்லை என்று மாணவர்களைத் திட்டினேன். ஒரு மாணவி அழுதுகொண்டே மறுபடியும் முதலிலிருந்து புரதம் தயாரித்தாள். கடைசியில் லீவு போட்டு, சொந்தச் செலவில் டிரெயின் ஏறி, வெளியூரில் நடந்த ஒரு மைக்ரோஸ்கோப் கூட்டத்துக்குப் போனேன். உரைகள் பாதி புரியவில்லை. டீ இடைவேளையில் என்னைப் போலவே ஓர் ஆபரேட்டரிடம் படத்தைக் காட்டினேன். அவர் கேட்டது இரண்டே கேள்வி: "நைட்ரஜனை மூடி வெக்கறீங்களா? ஏ.சி. காத்து எங்க அடிக்குது?"

ஏ.சி. நேராக நைட்ரஜன் குடுவை மேல் அடித்துக்கொண்டிருந்தது. சென்னைக் காற்றின் ஈரமெல்லாம் பனித்தூளாகி உள்ளே விழுந்து கிரிட்டில் ஒட்டியிருக்கிறது. கருவியைத் திருப்பி வைத்தேன், குடுவையை மூடினேன், இடுக்கிகளை ஹேர் டிரையரில் உலர்த்தினேன், மூச்சுக்காற்றின் ஈரம் படாமல் முகமூடி கட்டிக்கொண்டேன். அடுத்த வாரமே படம் தெளிந்தது. ஏழு மாதப் பிரச்சினை ஒரு டீயில் தீர்ந்தது. அந்த மாணவியிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல சார்" என்றாள். ஆனால் அவளுடைய ஏழு மாதத்தை யார் திருப்பித் தர முடியும்?

அதனால்தான் சொல்கிறேன். கூட்டங்களும் பயிற்சிகளும் கௌரவத்துக்கு நடப்பவை அல்ல. அமெரிக்காவில் 2018-இல் நியூயார்க், ஸ்டான்ஃபோர்ட், போர்ட்லாண்ட் என மூன்று தேசிய மையங்களை அரசுப் பணத்தில் அமைத்தபோது, படம் எடுத்துக் கொடுப்பதோடு, வருகிறவர்களுக்குக் கற்றுக் கொடுப்பதையும் அவற்றின் கடமையாகவே வைத்தார்கள். நம் பக்கம் பெங்களூருவில் தேசிய மையம் இருக்கிறது. பல கோடிக்கு இயந்திரம் வாங்க நமக்குத் தெரிந்துவிட்டது. கற்றுக்கொள்ள யாரை அனுப்புவது என்பதில்தான் இன்னும் பழைய ஜமீன் புத்தி.

நடத்துகிறவர்களுக்கும் அனுப்புகிறவர்களுக்கும் என் வேண்டுகோள் நான்கு.

முதலாவது, மூன்றில் ஓர் இடமாவது கருவி இயக்குபவர்களுக்கு ஒதுக்குங்கள். இரண்டாவது, எத்தனை பேர் வந்தார்கள் என்று அறிக்கையில் எழுதாதீர்கள். ஆளுக்கு எத்தனை கிரிட் தன் கையால் உறைய வைத்தார்கள் என்று எழுதுங்கள். இருநூறு பேரை அரங்கில் உட்கார வைப்பதைவிட எட்டுப் பேரை மேஜையருகே நிற்க வைப்பது மேல். மூன்றாவது, ஒரு மதியத்தைத் தோற்றுப்போன படங்களுக்கு ஒதுக்குங்கள். ஜெயித்த படம் பத்திரிகையில் வந்துவிடும், கறுப்புத் திட்டை எங்கே போய்ப் பார்ப்பது? நான்காவது, தமிழிலோ இந்தியிலோ கேள்வி கேட்கலாம் என்று முதல் நாளே சொல்லுங்கள். ஆங்கிலத்துக்குப் பயந்து வாயே திறக்காமல் ஊர் திரும்பிய பல ஆபரேட்டர்களை எனக்குத் தெரியும்.

"பெரிய இயந்திரத்தின் நேரம் விலை அதிகம், எல்லோருக்கும் எப்படிக் கொடுப்பது?" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கிரிட் உறைய வைக்கப் பெரிய இயந்திரம் வேண்டாம். புவியீர்ப்பில் விழும் எளிய கைக்கருவி போதும், பனி சரியா என்று பார்க்கச் சிறிய மைக்ரோஸ்கோப் போதும். சரியாகப் பழகியவள் நல்ல கிரிட்டோடு வந்தால் பெரிய இயந்திரத்தின் நேரம்தான் மிச்சமாகும்.

"மாணவர் படித்துவிட்டு வந்து சொல்லிக் கொடுப்பாரே" என்பது இன்னொரு வாதம். சிலர் கொடுப்பார்கள். பெரும்பாலோர் தீசிஸ் அவசரத்தில் இருப்பார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. மாணவரும் போகட்டும். இவளும் போகட்டும் என்கிறேன்.

இந்த ஊருக்கு இது புதிதில்லை. கொலாஜனின் மும்முறுக்கு வடிவத்தைச் சொன்ன ஜி.என். ராமச்சந்திரன், 1963-இலும் 1967-இலும் உலகத்துப் புரத விஞ்ஞானிகளைச் சென்னைக்கே வரவழைத்துக் கூட்டம் நடத்தினார். நம் பிள்ளைகள் போக முடியாத இடத்துக்குப் போக வேண்டும் என்று காத்திருக்காமல், உலகத்தை இங்கே கூப்பிட்டார். அந்த ஊரில் இருந்துகொண்டு ஒரு டெக்னீஷியனை ஒரு ராத்திரிப் பயணத் தூரத்துக்கு அனுப்ப யோசிக்கிறோம்.

அந்தப் பெண்ணிடம் மறுபடி விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். ஆபீசுக்கு எழுத வேண்டிய கடிதத்தை நானே எழுதிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன், அந்தப் பழைய பைண்டரையும் என் ஏழு மாத நோட்டையும் எடுத்துப்போக.

இதைப் படிக்கிற யாராவது ஒரு தேர்வுக் குழுவில் இருந்தால், விண்ணப்பப் படிவத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தகுதி என்ற கட்டத்தில் 'கருவி இயக்குபவர்' என்று ஒரு வார்த்தை சேர்க்க ஒரு பைசா செலவில்லை.