ஹார்டு டிஸ்க் தெரியலையா? அவசரப்பட்டு ஃபார்மட் பண்ணிடாதீங்க!

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. பலரும் 11-க்கு மாறுகிறார்கள். மாறிய கையோடு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கைச் செருகினால், சிலருக்கு எதுவுமே தெரிவதில்லை. முதுகுளத்தூர் மாதிரி ஊர்களில் ஒரு ஸ்டூடியோவின் பத்து வருஷக் கல்யாண வீடியோவும் அப்படியொரு டிஸ்க்கில்தான் கிடக்கும். பதறத்தான் செய்யும்.

டிஸ்க் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்பதில்லை. முதலில் கேபிளை மாற்றி, ஹப் இல்லாமல் நேரடியாக வேறு போர்ட்டில் செருகுங்கள். பிறகு ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறங்கள். அங்கே டிஸ்க் இருந்து, டிரைவ் எழுத்து மட்டும் இல்லையென்றால், ஒன்றைக் கொடுத்தால் போதும். அங்கும் காணோமா? 'டிவைஸ் மேனேஜரில்' அதை அன்இன்ஸ்டால் செய்து, கழற்றி, மறுபடி செருகிப் பாருங்கள்.

'ஃபார்மட்', 'இனிஷியலைஸ்' என்று கேட்டால் மட்டும் கை வைக்காதீங்க. "ஓகே குடுங்கண்ணே, சரியாயிரும்" என்று கடைத் தம்பி சொன்னாலும் சரி. டக், டக் என்று சத்தம் வந்தால் உடனே கழற்றிவிடுங்கள். அது அப்கிரேடு பிரச்னை இல்லை.

2013-இல் ஆப்பிளின் மேவரிக்ஸ் வந்தபோது டேட்டா போன புகார்கள் எழுந்தன. டிஸ்க்கோடு தந்த தன் மென்பொருளையே நீக்கச் சொன்னது வெஸ்டர்ன் டிஜிட்டல். அப்படி ஏதும் உங்களிடம் இருந்தால், அப்கிரேடுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். அதற்கும் முன்னால், இன்னொரு டிஸ்க்கில் ஒரு காப்பி.